போதகராக இருந்த மாமாவின் ஓராண்டு நினைவு மலர்: எங்கே தொடங்குவது?

தெகிவளை மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். என் மாமா (கணவரின் அப்பா) மெதடிஸ்த திருச்சபையில் 38 வருடம் போதகராக இருந்தவர். வடமராட்சி, மட்டக்களப்பு, மலையகம் என்று ஒன்பது சேகரங்கள் (ஒரு போதகரின் பொறுப்பில் வரும் ஆலயங்களின் தொகுதி), கடைசியாகக் கொழும்பு. ஓராண்டு நினைவுக்கு நன்றி ஆராதனை வைத்து, அதில் ஒரு மலரும் வெளியிடுவதென்று வீட்டில் முடிவு. பொறுப்பு என் தலையில். நான்கு மாதம் இருக்கிறது.

கையில் இருப்பவை: ஒரு ட்ரங்குப் பெட்டி நிறையப் படங்கள் (பாதிக்கு மேல் பின்பக்கம் வெறுமை), பிரசங்கக் கொப்பிகள் 14, அவர் பாவித்த வேதாகமம், ஐந்து டயறிகள். மாமிக்கு 81 வயது. ஆட்களையும் இடங்களையும் நன்றாகச் சொல்லுவா, வருடம் கேட்டால் குழம்பிப்போவா. பிள்ளைகள் மூன்று பேரும் எந்த ஊரில் எப்போது இருந்தோம் என்று மூன்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

நான் பார்த்த மலர்களில் எல்லாம் ‘எளிமையானவர், அன்பானவர், ஜெப வீரர்’ என்றுதான் இருக்கிறது. பெயரை மாற்றிவிட்டால் எந்தப் போதகருக்கும் பொருந்தும். மாமா ஊழியத்தில் எப்படி, வீட்டில் தகப்பனாக எப்படி என்று வாசிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். 300 பிரதி, ஏ5 அளவு, 60 பக்கம் அளவில் என்று நினைக்கிறோம். எதை முதலில் செய்வது? அச்சில் எதைக் கவனிப்பது?

ஏடுதேடி

சகோதரி, கட்டுரை கேட்டு யாருக்கும் இப்போது கடிதம் போடாதீர்கள். எல்லாரும் முதலில் செய்வது அதுதான். அதனால்தான் எல்லா மலரும் ஒரே மலராக வருகிறது. நீங்கள் முதலில் போட வேண்டியது மாற்றல் பட்டியல்.

ஒரு நீளத் தாளைக் குறுக்காக வைத்து ஏழு நிரல் கீறுங்கள். வந்த மாதமும் வருடமும், போன மாதமும் வருடமும், சேகரம், குருமனை (போதகர் குடியிருக்கும் வீடு) இருந்த இடம், அந்த நேரம் ஒவ்வொரு பிள்ளையும் படித்த பள்ளிக்கூடமும் வகுப்பும், மாமி என்ன செய்துகொண்டிருந்தா, கடைசியில் ஆதாரம். ஆதார நிரலில் ‘ஞாபகம்’ என்று இருந்தால் அந்த வரியைப் பென்சிலால் எழுதுங்கள். தாள் ஒன்று கையில் கிடைத்த பிறகுதான் பேனா.

ஆதாரம் எங்கே கிடைக்கும் என்றால், முதலாவது வருடாந்த மாநாட்டின் அச்சிட்ட குறிப்பேடு. யார் எந்தச் சேகரத்துக்கு என்ற நியமனப் பட்டியல் மெதடிஸ்த வழக்கப்படி அதில் இருக்கும். கொள்ளுப்பிட்டித் தலைமையகத்துக்கு, முழுப்பெயரும் ஊழியத்துக்கு வந்த வருடமும் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். ‘எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்’ என்று போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும், ‘இந்த வருடத்திலிருந்து இந்த வருடம் வரை நியமனப் பக்கம் மட்டும்’ என்றால் வேலை நடக்கும். காலமான போதகர்களைப் பற்றிய குறிப்பும் அந்தந்த வருடக் குறிப்பேட்டில் வருவது வழக்கம், அதையும் கேட்டு வையுங்கள்.

ஆனால் நியமனம் தாளில் ஏறினது வேறு, ஆள் போய்ச் சேர்ந்தது வேறு. யுத்த காலத்தில் இரண்டும் பொருந்தாத இடங்கள் நிறைய. பாதை மூடியிருக்கும், ஒருவர் இரண்டு சேகரத்தைச் சேர்த்துப் பார்த்திருப்பார். ஆகவே இரண்டாவது ஆதாரம் அந்தந்த ஆலயத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள். நடத்தியவர் கையொப்பம் ஒவ்வொரு வரியிலும் இருக்கும். அவருடைய முதல் கையொப்பமும் கடைசிக் கையொப்பமும் எந்தத் திகதி என்று பார்த்தால் மாதக் கணக்கு வரைக்கும் வந்துவிடும். இதிலும் ஒரு பொறி உண்டு. போதகராக அபிஷேகம் பெறுவதற்கு முந்தின பயிற்சிக் காலத்தில், சேகரத்துக்குப் பொறுப்பான மூத்த போதகரான முகாமைக்குருவின் கையொப்பம்தான் இருக்கும். அந்த வருடங்களில் அவர் பெயர் இல்லை என்பதற்காக அவர் அங்கே இருக்கவில்லை என்று எழுதிவிட வேண்டாம். இடப்பெயர்வுகளில் பதிவேடே தொலைந்த ஆலயமாக இருந்தால் அடுத்ததற்குப் போங்கள்.

மூன்றாவதை யாரும் தேடுவதில்லை: பிள்ளைகளின் பாடசாலை விடுகைப் பத்திரம். சேர்ந்த திகதி, விலகிய திகதி, கடைசியாகப் படித்த வகுப்பு, மூன்றும் அதில் இருக்கும். போதகர் பிள்ளைகள் என்றால் ஒரு பிள்ளைக்கே மூன்று நாலு பத்திரம் இருக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கக் கொண்டுபோன கோப்புக்குள் தேடச் சொல்லுங்கள்.

இப்போது பட்டியலை இடமிருந்து வலமாக வாசியுங்கள். மூன்று வருடத்தில் மாற்றல் வந்தது என்பது ஊழியச் செய்தி. மூத்தவர் சாதாரண தரம் எழுதும் வருடத்தில் அந்த மாற்றல் வந்ததா? வந்தபோது குடும்பம் கூடப் போனதா, பிள்ளையை விடுதியில் விட்டாரா, அல்லது குடும்பத்தை விட்டுவிட்டுத் தான் மட்டும் போய்க் குருமனையில் தனியாகச் சமைத்தாரா? அது தகப்பனின் செய்தி. விடுகைப் பத்திரத் திகதியும் நியமனத் திகதியும் ஏழெட்டு மாதம் விலகி நிற்கிற இடங்களை வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு வீட்டு முடிவு இருக்கிறது. மாமியிடமும் பிள்ளைகளிடமும் கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் பிறக்கும். ‘அப்பா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘அன்பானவர்’ என்றுதான் பதில் வரும்.

பிரசங்கக் கொப்பிகளின் மேல் மூலையைக் கவனியுங்கள். ஒரே பிரசங்கத்தைச் சேகரத்தின் வேறு வேறு ஆலயங்களில் செய்வதால், எங்கே, எந்த நாளில் என்று குறிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஊர்ப் பெயரை இரண்டு எழுத்தில் சுருக்கியிருப்பார். வேதாகமத்தின் ஓரத்திலும் அப்படியே. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அடிக்கிற பிரசங்கத் திட்டத் தாள் மடித்து உள்ளே கிடந்தால் அது பொக்கிஷம், எடுத்த பக்கத்திலேயே திரும்ப வையுங்கள்.

எங்கே படித்தார் என்பதையும் ஊகிக்க வேண்டாம். பிலிமத்தலாவை இறையியல் கல்லூரி தொடங்கியது 1963இல். அதற்கு முன்னையவர்கள் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரிக்கோ வங்காளத்துச் செரம்பூர்க் கல்லூரிக்கோ போயிருக்கக் கூடும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரி 1969க்குப் பிறகுதான். சான்றிதழைப் பார்த்து எழுதுங்கள்.

பருத்தித்துறை வடை

மாமிட்ட வருசம் கேக்காதேங்கோ. ஆருக்கும் 50 வருசத்துக்கு முந்தின வருசம் ஞாபகம் வராது. சம்பவத்தை வைச்சுக் கேளுங்கோ.

மட்டக்களப்புக் காலமெண்டால் ‘சூறாவளிக்கு முந்தியோ பிந்தியோ?’ அது 1978 நவம்பர் 23. அண்டைக்கு எந்த வீட்டில இருந்தனீங்கள், கூரை போச்சுதோ, கடைசிப் பிள்ளை கையிலயோ வயித்திலயோ? கொழும்பு, மலையகமெண்டால் 1983 ஆடி. வடக்கெண்டால் 1995 ஒக்டோபர் 30 வலிகாமம் இடப்பெயர்வு. வடமராட்சி ஆக்கள் அண்டைக்கு வந்த சனத்துக்கு இடங்குடுத்த ஆக்கள், அதால அந்த நாள் நல்லாய் ஞாபகம் இருக்கும். கிழக்குக் கரைக்கு 2004 டிசம்பர் 26. இந்த முளையளை அடிச்சிட்டு இடையில இருக்கிறதைக் கட்டினால் சரி.

ஒரு தரத்தில 40 நிமிசத்துக்கு மேல வேண்டாம். காலமை தேத்தண்ணிக்குப் பிறகு நல்லம், பின்னேரம் களைச்சுப் போவா. போனில ஒலிப்பதிவைப் போட்டு மேசையில வைச்சிட்டு, ஒரு நாளைக்குப் பத்துப் படம் மட்டும் காட்டுங்கோ. படத்தைப் பாத்துக்கொண்டு கதைக்கிறது வேற, கேள்விக்குப் பதில் சொல்லுறது வேற. பிள்ளையள் பக்கத்தில இருந்தால் ‘இல்லையம்மா, அது அப்பிடியில்லை’ எண்டு திருத்துவினம். அவையை வெளியில அனுப்புங்கோ.

படத்துக்குப் பின்னால பேனையால எழுதாதேங்கோ, மை முன்பக்கம் ஊறும். மென்மையான பென்சிலால ஓரத்தில இலக்கம் மட்டும் போட்டு, விபரத்தைக் கொப்பியில எழுதுங்கோ. ஸ்ரூடியோ முத்திரை இருந்தால் அதில ஊர்ப் பேர் இருக்கும்.

இன்னொண்டு. மலரில போதகரம்மாவுக்கெண்டு தனியாய் நாலு பக்கமாவது வேணும். ‘அன்னாரின் ஊழியத்துக்குத் துணைநின்றவர்’ எண்டு ஒரு வரியில முடிக்கிறது பெரிய அநியாயம். மாதர் சங்கம், ஞாயிறு பாடசாலை, நேரங்கெட்ட நேரத்தில வாற ஆக்களுக்குச் சாப்பாடு, இதுக்கெல்லாம் நியமனக் கடிதம் கிடையாது. ஒன்பது வீடு மாறி ஒன்பது குசினியைப் புதுசாய்த் தொடங்கினவ அவ. பாத்திரப் பெட்டியில முதல் என்ன வைச்சுக் கட்டினவ, எந்தக் குருமனையில கிணறு தூரம் எண்டு கேட்டுப் பாருங்கோ. மாமாவைப் பற்றியும் கனக்க வெளியில வரும்.

கொட்டாஞ்சேனை அச்சு

அச்சுப் பக்கம் நான் சொல்கிறேன்.

60 பக்கம் என்று வைக்காதீர்கள். ஏ5 புத்தகம் 16 பக்கப் போர்மாக (ஒரே தாளில் சேர்த்து அடித்து மடிக்கிற பக்கத் தொகுதி) ஓடும். 48 அல்லது 64 என்று வைத்தால் தாள் வீணாகாது. நடுவில் கம்பிப் பின் அடிக்கிற கட்டு என்றால் எப்படியும் நான்கால் பிரிய வேண்டும். 64 பக்கம் 80 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு, கூடினால் தாள் தடிக்கும்) தாளில் பின் அடித்தால் நன்றாக மடியும். அதே 64 பக்கத்தை முழுக்க 130 ஜிஎஸ்எம் ஆர்ட் தாளில் போட்டால் புத்தகம் வாய் பிளந்து நிற்கும், நடுப்பக்கங்கள் வெளியே தள்ளி, வெட்டும்போது ஓரத்தில் உள்ள எழுத்துப் போகும். ‘கிளேசாக, வடிவாக இருக்கட்டும்’ என்று கேட்கிற எல்லாருக்கும் இதுதான் நடக்கிறது.

சிக்கனமான வழி: 48 பக்கம் 80 ஜிஎஸ்எம்மில் கறுப்பு வெள்ளை, நடுவில் ஒரு 16 பக்கப் போர்ம் மட்டும் ஆர்ட் தாளில் வர்ணப் படங்கள். 64 பக்கத்தில் அது 25 முதல் 40 வரை விழும். ஆக, வாழ்க்கைக் குறிப்பை 24ஆம் பக்கத்தோடு முடிக்கிற மாதிரி எழுதிக்கொள்ளுங்கள். அட்டை 250 அல்லது 300 ஜிஎஸ்எம், மேட் லமினேஷன். 300 பிரதிக்கு டிஜிட்டலா ஓப்செட்டா என்பது இழுபறி, இரண்டு விலையும் கேளுங்கள்.

எழுத்து அளவு 11 பொயின்ட், பக்கத்துக்கு 170 சொல் அளவில் கொள்ளும். படப் பக்கம் 16, முகப்பு விபரத்துக்கு 4 போனால் மிச்சம் 44, அதாவது ஏழாயிரத்து ஐந்நூறு சொல். இந்தக் கணக்கைச் சுவரில் ஒட்டி வையுங்கள். கட்டுரை எழுதுகிறவருக்கு ‘300 சொல்லுக்கு மேல் போகாமல்’ என்று சொல்லாவிட்டால் ஒருவர் 2000 சொல் அனுப்புவார். அவர் பெரிய ஆளாகவும் இருப்பார். பிறகு எதை வெட்டுவது?

எழுத்துரு. உங்களுக்கு வருகிற கட்டுரைகளில் பாதி பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் இருக்கும், பாதி வட்ஸ்அப்பில் யூனிகோட்டில் வரும். இரண்டையும் கலந்து அச்சகத்துக்குக் கொடுத்தால் பிழை நிச்சயம். எல்லாவற்றையும் யூனிகோட்டுக்கு மாற்றிவிட்டுக் கொடுங்கள். பாமினியை மாற்றும்போது நடுவில் உள்ள ஆங்கிலச் சொல்லும் தமிழ்க் குப்பையாக மாறும், மின்னஞ்சல் முகவரியும் பட்டப் பெயரும்தான் முதலில் அகப்படும். அவற்றைக் கையால் திருத்த வேண்டும். பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் மென்பொருளில் போட்டபின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், ‘கெ’ என்பதில் கொம்பு வலப்பக்கம் தெரிந்தால், அதில் வேர்ல்ட்-ரெடி கொம்போசர் என்ற தெரிவு போடப்படவில்லை என்று அர்த்தம். வடிவமைப்பவரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும்.

படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். 2க்கு 3 அங்குலச் சின்னப் படம் 1200க்கு 1800 புள்ளியாக வரும், அச்சில் 300 டிபிஐக்கு 4க்கு 6 அங்குலம் வரை தாங்கும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். கனடா, லண்டன் உறவினர்களிடம் கேட்கும்போதே இதைச் சொல்லாவிட்டால் இரண்டு தரம் கேட்க வேண்டி வரும். பிரேம் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்கவே வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் செய்யலாம்.

கடைசியாக ஒன்று. அச்சகத்தில் அஞ்சலி அட்டைக்கென்று தயார் வார்ப்பு இருக்கும். அதில் ‘அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம்’ என்று ஏற்கெனவே அடித்திருக்கும், மூலையில் குத்துவிளக்கும் நிற்கும். பிழைதிருத்தத் தாளில் கட்டுரைகளை மட்டும் பார்த்துவிட்டு அட்டையின் உள்பக்கத்தைப் பார்க்காமல் விட்டால் அது அப்படியே வெளியே வரும்.

தெகிவளை மருமகள்

எல்லாருக்கும் மிக்க நன்றி. விடுகைப் பத்திரம் தேடினோம், இரண்டாவது மகனின் கோப்பில் மட்டும் நாலு இருக்கிறது.

இன்னும் மூன்று விஷயம். டயறிகளில் ஜெபக் குறிப்புகள் நிறைய, ஆட்களின் பெயர், வருத்தம், குடும்பப் பிரச்சினை என்று. ‘அப்பாவின் ஜெப வாழ்க்கை தெரியட்டும், சில பக்கத்தைப் படமெடுத்துப் போடுவோம்’ என்கிறார் மைத்துனர். சரியா? இரண்டாவது, ஆசிச்செய்தி இதுவரைக்கும் பத்துப் பேரிடம் கேட்பதாகப் பட்டியல் நீள்கிறது. மூன்றாவது, ஆராதனை எவ்வளவு நேரம் வைக்கலாம்? சைவ உறவினர்களும் சிங்கள அயலவர்களும் வருவார்கள்.

சேகரச் செயலாளர் ஓய்வு

டயறிப் பக்கங்களை அச்சிடக் கூடாது. பெயரை மறைத்தாலும் கூடாது. ஒரு சேகரத்தில் ‘மகனின் குடிப்பழக்கத்துக்காக, இரண்டாம் வாங்கில் இருக்கும் தாய்’ என்று இருந்தால் அந்த ஊரில் எல்லாருக்கும் ஆள் யாரென்று தெரியும். போதகரிடம் சொன்னது போதகரோடு போக வேண்டியது. ஆள் போனபின் பிள்ளைகள் அதைத் திறப்பது, அவர் 38 வருடம் காத்ததை ஒரே நாளில் விடுவது. ஜெப வாழ்க்கையைக் காட்ட வேண்டுமென்றால் வேதாகமத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுங்கள். அடிக்கோடும், ஓரத்தில் திகதியும், தேய்ந்த மூலையும் போதும். பெயர் எதுவும் இல்லையென்று இரண்டு பேர் பார்த்த பிறகு போடுங்கள். டயறிகளை ஒரு உறைக்குள் இட்டு முத்திரையிட்டுக் குடும்பத்தில் ஒருவரிடம் கொடுப்பது நல்லது. திகதிகளைச் சரிபார்க்க மட்டும் ஒருவர் பார்க்கலாம்.

ஆசிச்செய்தி மூன்று போதும்: திருச்சபைத் தலைமை, அவர் கடைசியாக இருந்த சேகரத்தின் முகாமைக்குரு, கூடப் படித்த அல்லது கூட ஊழியம் செய்த ஒருவர். பத்துச் செய்தியை முன்னால் அடுக்கினால் 15 பக்கம் கடந்துதான் மாமா வருவார். மற்றவர்களிடம் செய்தி கேட்காமல் ஒரு குறிப்பிட்ட கேள்விக்குப் பதில் கேளுங்கள். ‘1990இல் அகதிகள் ஆலயத்தில் தங்கியபோது அவர் என்ன ஒழுங்கு செய்தார்?’ என்று கேட்டால் பதில் வரும். ‘நினைவுகளைப் பகிருங்கள்’ என்றால் பாராட்டுத்தான் வரும்.

சொற்களைப் பற்றிக் கொட்டாஞ்சேனைத் தம்பி சொன்னது சரி. நம் சபையில் நன்றி ஆராதனை என்பது அவருடைய வாழ்வுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வது. இறந்தவருக்காக மன்றாடுவது நம் வழக்கமல்ல. ஆகவே ‘ஆத்ம சாந்தி’ வேண்டாம். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று எழுதலாம். பெயருக்கு முன்னால் ‘வண.’ (வணக்கத்துக்குரிய) போதும். ‘வண. பிதா’ என்பது கத்தோலிக்க, அங்கிலிக்கன் வழக்கு, பத்திரிகை அறிவித்தலில் இது அடிக்கடி மாறிப்போகிறது. வசனங்களை எந்த மொழிபெயர்ப்பில் எடுக்கிறீர்கள் என்று முதலே தீர்மானியுங்கள். பழைய மொழிபெயர்ப்பையும் திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பையும் கலந்தால் ஒரே வசனம் இரண்டு பக்கத்தில் இரண்டு விதமாக வரும். 2 தீமோத்தேயு 4:7 (‘நல்ல போராட்டத்தைப் போராடினேன்’) எல்லா மலரிலும் இருக்கும், இருக்கட்டும். ஆனால் குடும்பத்தலைவராக நல்லவர் என்று காட்ட 1 தீமோத்தேயு 3:4-5ஐ அடிக்க வேண்டாம். தன் வீட்டை நன்றாக நடத்துகிறவன் என்று பிள்ளைகளே தங்கள் தகப்பனுக்குச் சான்று கொடுப்பது அழகில்லை. ஏடுதேடி சொன்ன பட்டியல் அதைச் சொல்லும்.

ஆராதனை 75 நிமிடம், ஆகக் கூடினால் 90. பாடல் மூன்று, வேதவாசிப்பு இரண்டு, வாழ்க்கைக் குறிப்பு 7 நிமிடம், நினைவுரை இரண்டு பேர் ஐந்து ஐந்து நிமிடம், தேவசெய்தி 15, ஜெபம், மலர் வெளியீடு, ஆசீர்வாதம். பிரசங்க மேடையில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்குத் தமிழில் 90 சொல். 7 நிமிடத்துக்கு 630 சொல்தான். மலரில் உள்ள நீளக் குறிப்பை அப்படியே வாசிக்கக் கொடுத்தால் 17 நிமிடம் போகும். ஆராதனைக்கென்று தனியாக ஒன்று எழுதுங்கள். நினைவுரைக்கு ‘நேரமிருந்தால் இவரும் பேசுவார்’ என்று எவரையும் வைக்க வேண்டாம், பேசுவார்.

பாடல்களுக்குப் பாமாலை, கீர்த்தனைப் புத்தகங்களின் இலக்கம் மட்டும் போட்டால் சைவ உறவினர்கள் வெறுமனே நிற்க வேண்டி வரும். வரிகள் முழுவதையும் ஒழுங்குத் தாளில் அடியுங்கள். எப்போது எழும்புவது, எப்போது இருப்பது என்றும் ஓரத்தில் குறியுங்கள்.

பருத்தித்துறை வடை

சிங்கள அயலவைக்கு மலரில சிங்களத்தில ஒரு பக்கமும் இங்கிலிசில ஒரு பக்கமும் போடுங்கோ. பேரப்பிள்ளையளில பாதி வெளிநாடு, தமிழ் கதைக்குங்கள், வாசிக்காதுகள்.

கொட்டாஞ்சேனை அச்சு

அக்கா, மலருக்குள் வேண்டாம். மூன்று எழுத்துரு, மூன்று பிழைதிருத்துநர், சிங்களப் பிழையை யார் பார்ப்பது? தனியாக ஒரு மடித்த தாள், ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் ஆங்கிலம், வாசலில் கொடுக்கலாம். பிந்தினாலும் மலர் நிற்காது.

பருத்தித்துறை வடை

பேரப்பிள்ளையள் மலரைத்தான் வைச்சிருப்பினம் தம்பி, மடிச்ச தாளை ஆர் வைச்சிருக்கிறது? சிங்களம் தாளில வரட்டும். இங்கிலிஸ் பக்கம் மலருக்குள்ள இருக்க வேணும். நான் விடமாட்டன்.

சேகரச் செயலாளர் ஓய்வு

அக்கா சொல்வது நியாயம். ஆங்கிலம் இரண்டு பக்கம், வாழ்க்கைக் குறிப்பும் மாற்றல் பட்டியலும் மட்டும்.

நேரடி ஒளிபரப்பு வைத்தால் நேரத்தையும் பாருங்கள். கொழும்பில் மாலை 4 மணி என்பது ரொறன்ரோவில் கோடையில் காலை 6.30, குளிர்காலத்தில் 5.30. லண்டனில் 11.30 அல்லது 10.30. சிட்னியில் இரவு 8.30, அவர்களுடைய கோடையில் 9.30. அழைப்பிதழில் நான்கு ஊர் நேரத்தையும் போட்டால் தொலைபேசி குறையும். ஒலியை ஆலயத்தின் மிக்சரில் இருந்து நேரே எடுக்கச் சொல்லுங்கள். கமராவின் மைக்கில் எடுத்தால் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும்.

ஏடுதேடி

திகதிகளில் இன்னும் இடைவெளி இருந்தால், கொழும்பு 7 தேசிய சுவடிகள் காப்பகத்தில் பழைய வீரகேசரி (1930 முதல்), தினகரன் (1932 முதல்) பார்க்கலாம். நாள் தெரியாமல் போய்ப் புரட்ட முடியாது. ஆலய அர்ப்பணிப்பு, ஜூபிலி போன்ற, மாதமாவது தெரிந்த நிகழ்வுக்கு மட்டும் போங்கள். 1964இல் இலங்கை மெதடிஸ்த திருச்சபை தன்னாட்சி பெறுவதற்கு முந்தின மிஷன் தாள்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் (SOAS) நூலகத்தில் இருக்கின்றன. உங்கள் மாமாவின் காலத்துக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

மலர் வந்தபின், ஈழத்துத் தமிழ் ஏடுகளை இணையத்தில் சேர்த்து வைக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்துக்கு அச்சுக்குப் போன பிடிஎப்பையும் ஒரு பிரதியையும் கொடுங்கள். நினைவு மலர்களையும் அவர்கள் சேர்க்கிறார்கள். யூனிகோட்டில் இருந்தால் தேடலில் அகப்படும். கொடுக்கும் முன் மாமியின் முகவரி, தொலைபேசி இலக்கம், பிள்ளைகளின் பிறந்த திகதி எங்காவது அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். 300 பிரதிக்குள் இருப்பது வேறு, இணையத்தில் கிடப்பது வேறு.

மாற்றல் பட்டியலை ஏழு நிரலோடும் மலரின் கடைசியில் இரண்டு பக்கத்துக்கு விரித்துப் போடுங்கள். பென்சில் வரிகள் மிஞ்சினால் அவற்றுக்கு ஒரு நட்சத்திரக் குறி. வாசித்துவிட்டு யாராவது ஒரு பழைய சபை ஆள் தொலைபேசி எடுத்துத் திருத்துவார்.

கொட்டாஞ்சேனை அச்சு

நான்கு மாதத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் ஆறு கிழமை பட்டியலும் மாமியின் ஒலிப்பதிவும். அடுத்த நாலு கிழமை கட்டுரைகள், கடைசித் திகதியை உண்மையான திகதிக்குப் பத்து நாள் முன்னால் சொல்லுங்கள். பிறகு மூன்று கிழமை வடிவமைப்பும் பிழைதிருத்தமும். முதல் தரம் எழுத்துப் பிழை, இரண்டாம் தரம் பெயர்களும் திகதிகளும் மட்டும், மூன்றாம் தரம் படத்தின் கீழ் வரிகள். மூன்றாவதை இதுவரைக்கும் மலரைப் பார்க்காத ஒருவர் செய்ய வேண்டும். அச்சுக்கும் கட்டுக்கும் இரண்டு கிழமை, மிச்சம் கையிருப்பு. பள்ளிக்கூடக் கலண்டர், டயறி ஓடுகிற மார்கழி மாதமென்றால் அச்சுக்கு மூன்று கிழமை வையுங்கள்.

மாமியின் பிரதியைத் தனியாகச் செய்யலாம். அதே பிடிஎப்பை ஏ4 தாளில் 141 வீதத்துக்குப் பெருப்பித்து அடித்தால் 11 பொயின்ட் எழுத்து 15க்கு மேல் வரும், பக்க இலக்கமும் மாறாது. பின் அடிக்காமல் சுருள் கம்பி போடச் சொல்லுங்கள், மடியில் வைத்து விரித்தால் திரும்ப மூடாது.